ஏரிக்கரையில் அயலார்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் நாட்டுப் பழமொழி. நான்காம் நாள் காலையில் வீட்டுக்காரரின் கண்கள் விருந்தாளியின் மூட்டையை நோக்கத் தொடங்கிவிடும் என்பது அதன் உட்கருத்து. இந்தப் பழமொழியைத் தலைகீழாகத் திருப்பி, விருந்தையும் மருந்தையும் மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் நீட்டி, அதையே தங்களுடைய ஜீவனோபாயமாக ஆக்கிக்கொண்ட ஊரார் உலகத்தில் உண்டு. ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில், லெமான் ஏரியின் கீழ்க்கோடியில் இருக்கிறது அந்த ஊர். அதன் பெயர் மாந்த்ரோ. இருபுறமும் வெவே, கிளாரான், தெரித்தே, வில்னோவ் என்று சிற்றூர்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு கரையோரமாக நிற்கின்றன.

வேடிக்கை பார்க்க வந்து, நாலு நாள் தங்கி, படக் கார்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களைப் பற்றியதல்ல இந்தக் கட்டுரை. சொந்த தேசத்தை விட்டு வந்து, இந்த மலையடிவாரத்து ஏரிக்கரையிலேயே வாழ்ந்தவர்களையும் வாழ்கிறவர்களையும் பற்றியது. அவர்களில் நம் தேசத்துக்கு நெருங்கியவர்களும் சிலர் உண்டு.

ஏரியும் மலையும்

லெமான் ஏரியைப் படத்தில் பார்த்தால் இளம்பிறையைப் போல் இருக்கும். ஏறத்தாழ 73 கிலோமீட்டர் நீளம். மிக ஆழமான இடத்தில் 310 மீட்டர் ஆழம். ரோன் நதி பனிமலைகளிலிருந்து கலங்கலாக இறங்கி வந்து கீழ்க்கோடியில் ஏரிக்குள் புகுகிறது. மேல்கோடியில் ஜினீவா நகரத்தில் பளிங்கு போல் தெளிந்து வெளியேறுகிறது. வடகரை ஸ்விட்ஸர்லாந்துக்கும், தென்கரையின் பெரும்பகுதி பிரான்சுக்கும் சொந்தம்.

மாந்த்ரோவில் ஏரிக்கரைச் சாலையில் நின்று தலையை நிமிர்த்தினால் 2,042 மீட்டர் உயரமுள்ள ரோஷே த நாய் சிகரம் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக எழுகிறது. தெற்கே பார்த்தால் தாந்து மிதி என்னும் பல்வரிசை போன்ற பனிச் சிகரங்கள். வடகிழக்கிலிருந்து வீசும் 'பீஸ்' என்ற கொடிய குளிர்காற்றை மலைகளே மதிலாக நின்று தடுத்துவிடுகின்றன. ஆகையால் பனிமலையின் அடியிலேயே பனைவகை மரங்கள் செழித்து நிற்கும் அதிசயத்தை இங்கே காணலாம். மே மாதத்தில் மேட்டுப் புல்வெளிகளில் நார்சிஸஸ் மலர்கள் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அதை ஊரார் 'மே மாதத்துப் பனி' என்கிறார்கள். ரோன் பள்ளத்தாக்கிலிருந்து 'வோதேர்' என்ற காற்று கிளம்பும் நாளில் மட்டும் இந்தச் சாதுவான ஏரி கடலைப் போல் சீறுகிறது.

இவ்வளவு அழகும் ஆதி காலம் முதல் அங்கேதான் இருந்தது. ஆனாலும் மீன்பிடிப்பவர்களையும் திராட்சை பயிரிடுகிறவர்களையும் தவிர அதை வெகு காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. ஊருக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் எழுத்தாளர்கள். 1761-ல் ரூஸோ தம்முடைய 'ஜூலி' நாவலின் காதலர்களைக் கிளாரானில் குடிவைத்தார். ஷியோன் கோட்டையின் பாதாளச் சிறையில் 1536 வரை அடைபட்டுக் கிடந்த பொனிவார் என்பவரைப் பற்றி 1816-ல் பைரன் கவிதை எழுதினார். நாவலைப் படித்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்; கவிதையைப் படித்தவர்கள் சிறையைப் பார்க்க வந்தார்கள். 1861-ல் ரயில் வந்தது. பிறகு மலைமேல் ஏறும் ரயில்களும் வந்தன. மாளிகை மாளிகையாக ஹோட்டல்கள் எழும்பின. சுதந்தரமில்லாத ஒருவன் சங்கிலியோடு உலாவிய இடம், சுதந்தரமும் பணமும் உள்ளவர்கள் குடையோடு உலாவும் இடமாயிற்று!

முன்வாசல் விருந்தாளிகள்

முதலில் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். தங்கள் வழக்கப்படி கோவிலையும் கூடவே கொண்டுவந்தார்கள்; தெரித்தேயில் ஆங்கிலேயருடைய மாதாகோவில் எழுந்தது. பின்னர் ருஷியப் பிரபுக்கள் வந்தார்கள். அந்தப் பிரபுக்களை ஒழிக்க விரும்பிய ருஷியப் புரட்சிக்காரர்களும் அதே கரைக்கு வந்தார்கள். ஆங்கில ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போர் தொடுத்துத் தோற்ற டிரான்ஸ்வால் ஜனாதிபதி பால் க்ரூகர், தம் கடைசி நாட்களைக் கிளாரானில் கழித்து, 1904 ஜூலை 14-ந் தேதி அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய ஜன்னலுக்கு எதிரே ஆங்கிலக் கனவான்கள் உலாவிக்கொண்டிருந்தார்கள். ஏரி இரு தரப்பினருக்கும் ஒரே நீலத்தைத்தான் காட்டிற்று.

ஆனால் இந்த உபசாரத்துக்கு எல்லை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ருஷிய அறிஞர் க்ரோபாட்கின் கிளாரானில் வாழ்ந்துகொண்டு புரட்சிப் பத்திரிகை நடத்தினார். 1881-ல் ஸ்விஸ் சர்க்கார் அவரைத் தேசத்தை விட்டே வெளியேற்றியது. விருந்தாளி ஏரியை ரசிக்கலாம். அயல் தேசத்து அரசர்களுக்குத் தூக்கம் கெடும்படி நடந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நம் காலத்துக்கு அருகே வந்தால் இன்னும் வேடிக்கையான விருந்தாளிகளைக் காண்கிறோம். ருஷியாவிலிருந்தும், பிறகு ஜெர்மனியிலிருந்தும், பிறகு பிரான்சிலிருந்தும் ஓட நேர்ந்து, அமெரிக்காவில் புகழடைந்த நாவலாசிரியர் நபோகாவ், 1961-ல் மாந்த்ரோவின் பெரிய ஹோட்டலுக்கு வந்தார். 1977-ல் இறக்கும் வரையில் அந்த ஹோட்டலே அவருக்கு வீடு. சொந்தமாக ஒரு வீடு அவர் வாங்கவே இல்லை. ஒரு முறை வீட்டை இழந்தவனுக்கு இன்னொரு வீட்டின்மேல் ஆசை வைக்கப் பயம் போலும்!

சார்லி சாப்ளினுடைய கதை வேறு. 1952-ல் அவர் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிச் சென்றபோது, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அந்நாட்டுச் சர்க்கார் ரத்துச் செய்துவிட்டது. உலகத்தையே சிரிக்க வைத்தவர், போக இடமில்லாமல் மனைவி மக்களோடு 1953-ல் வெவேக்கு மேலேயுள்ள கொர்ஸியே கிராமத்தில் குடியேறினார். இருபத்துநாலு வருஷம் வாழ்ந்து 1977 கிறிஸ்துமஸ் தினத்தில் அங்கே காலமானார். கையில் தடியோடு ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அவருடைய சிலையை வெவேயில் இன்றும் காணலாம். அதைப் போலவே மாந்த்ரோக் கரையில் ஒரு பாடகரின் சிலை கையை உயர்த்தி நிற்கிறது. சான்சிபார் தீவில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் நாட்டுப் பஞ்சகனி மலைப் பள்ளியில் படித்த பிரெட்டி மெர்க்குரியின் சிலை அது.

குடியேறினவர் பாடு

புகழ் பெற்றவர்கள் இருக்கட்டும். சாதாரண மனிதர் ஒருவர் இந்த ஊரில் குடியேறினால் அவர் பாடு எப்படி?

முதல் காரியம், வந்த பதினான்கு நாளுக்குள் ஊராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அனுமதிச் சீட்டு ஒன்று கிடைக்கும். அதில் எழுத்தால் வகுப்புப் பிரித்திருப்பார்கள். 'எல்' சீட்டு என்றால் சில மாதம் தங்குகிறவர். 'பி' என்றால் குடியிருப்பவர். 'ஸி' என்றால் நிலைத்தவர். மூன்று மாதத்துக்குள் வைத்திய இன்ஷூரன்ஸ் செய்துகொண்டாக வேண்டும். ஊர்ப் பாஷை பிரெஞ்சு. சுற்றுலாக்காரரிடம் இங்கிலீஷில் இனிமையாகப் பேசும் கடைக்காரர், குடியிருப்பவரிடம் பிரெஞ்சை எதிர்பார்ப்பதில் அதிசயமில்லை.

பெரிய சட்டங்களைவிடச் சின்ன ஒழுங்குகள்தான் புதிதாக வந்தவரைத் திணற அடிக்கின்றன. பல குடும்பங்கள் வசிக்கும் கட்டிடங்களில் துணி துவைக்கும் அறை பெரும்பாலும் பொது. இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை உண்டு. முறை தவறுவது அக்கம்பக்கத்தில் சிறு குற்றமல்ல. குப்பை போடுவதற்கு வரி செலுத்திய பை வாங்க வேண்டும். கண்ணாடி, காகிதம், தகரம் எல்லாவற்றையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக் கூடாது. சத்தமிடும் எந்த வேலையும் கூடாது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் 'போன்ஷூர்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பேசாமல் போவது மரியாதைக் குறைவு. அதே சமயத்தில், பத்து வருஷம் 'போன்ஷூர்' சொன்னாலும் வீட்டுக்குள் வந்து ஒரு வாய் காபி சாப்பிடுங்கள் என்று யாரும் அழைக்காமலும் இருக்கக்கூடும்!

கோடைகாலத்தில் இது ஒன்றும் தெரியாது. ஏரியில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சக்கரக் கப்பல்கள் வெள்ளை அன்னங்களைப் போல் மிதந்து செல்லும். 1967-ல் தொடங்கிய சங்கீத விழாவுக்கு ஜூலை மாதத்தில் உலகமெல்லாம் திரண்டு வரும். நவம்பர் வந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. மூடுபனி ஏரியின்மேல் மூடி போட்டாற்போல் கவிந்துகொள்கிறது. எந்த மலையைப் பார்க்க வந்தோமோ அந்த மலை நாள் கணக்கில் காணாமல் போய்விடுகிறது. விருந்தாளிகள் அனைவரும் போன பிறகு, ஊரார் ஒரு பக்கமும் குடியேறினவர் ஒரு பக்கமுமாக எஞ்சி நிற்கும் அந்த மாதத்தில்தான், "நான் இங்கே யார்?" என்ற கேள்வி பிறக்கிறது. பணத்தால் ஜன்னலையும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையையும் வாடகைக்கு வாங்கலாம். இந்தக் கேள்விக்கு விடையை வாங்க முடியாது.

மருந்துக்கு வந்தவர்கள்

விருந்தைப் போலவே மருந்தும் இந்தப் பிரதேசத்தின் தொழிலாக இருந்தது. க்ஷயரோகத்துக்குச் சரியான மருந்து கண்டுபிடிக்காத காலத்தில், மலைக்காற்றும் வெயிலுமே சிகிச்சை. அந்த நம்பிக்கையோடு 1926-ல் ஜவஹர்லால் நேரு, நோயுற்ற கமலா நேருவையும் குழந்தை இந்திராவையும் அழைத்துக்கொண்டு ஜினீவாவுக்கு வந்து சேர்ந்தார். பிறகு மான்டானா மலை வைத்தியசாலையில் கமலா தங்கினார். மாந்த்ரோவுக்குத் தெற்கே, ரோன் பள்ளத்தாக்கிலுள்ள பெக்ஸ் என்னும் ஊரில் இந்திரா பள்ளியில் படித்தார். தாய் மலைமேல், மகள் பள்ளத்தாக்கில், மனமெல்லாம் இந்தியாவில். இதுதான் அந்தக் குடும்பத்தின் ஸ்விட்ஸர்லாந்து வாசம்.

பத்து வருஷத்துக்குப் பிறகு அதே ஏரிக்கரை அவர்களை மீண்டும் அழைத்தது. 1936 பிப்ரவரி 28-ந் தேதி லோஸான் நகரத்தில் கமலா நேரு காலமானார். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1933 அக்டோபரில், ஜினீவாவுக்கு அருகே ஒரு வைத்தியசாலையில் விட்டல்பாய் படேல் உயிர் நீத்தார். ஜினீவாவிலேயே 1914 முதல் அடைக்கலமாக வாழ்ந்த முதிய தேசபக்தர் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1930-ல் மறைந்தார். சுதந்தர இந்தியாவுக்கு என்றாவது போய்ச் சேர வேண்டும் என்று அவருடைய அஸ்தி அந்நிய மண்ணிலேயே காத்திருந்தது. 2003-ல்தான் அது தாய்நாடு திரும்பியது. எழுபத்துமூன்று வருஷம் காத்திருந்த அந்த விருந்தாளியைப் போல் பொறுமைசாலி அந்த ஏரிக்கரையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

வில்னோவ் வீடு

துயரக் கதைகளுக்கு நடுவே, அந்நிய மண்ணில் எப்படி வாழ வேண்டும் என்று காட்டிய ஒரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாந்த்ரோவை அடுத்த வில்னோவில் 'வில்லா ஓல்கா' என்ற வீட்டில், 1922 முதல் 1938 வரையில், பிரெஞ்சு அறிஞர் ரோமேன் ரோலந்து வசித்தார். முதல் உலக யுத்தத்தில் வெறிக்கு மேலே நின்று பேசினதற்காகச் சொந்த நாட்டாரின் தூற்றலுக்கு ஆளானவர் அவர். யுத்த காலத்தில் ஜினீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் யுத்தக் கைதிகள் நிலையத்தில் உழைத்தார். கைதிகளைத் தேடும் குடும்பங்களுக்குச் செய்தி சேர்ப்பதே அந்த நிலையத்தின் பணி. பிறகு சகோதரி மடலேனோடு இந்தக் கரையில் தங்கிவிட்டார்.

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காந்தி மகானை நேரில் பார்க்காமலே 1924-ல் அவரைப் பற்றி நூல் எழுதினார். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஒருவரின் மகள் மிஸ் ஸ்லேடு, பீத்தோவன் சங்கீதத்தின்மேல் கொண்ட பித்தினால் ரோலந்தைக் காண வந்தார். பீத்தோவனைத் தேடி வந்த பெண் காந்தியைத் தெரிந்துகொண்டு சென்றார். 1925-ல் ஸாபர்மதி ஆசிரமத்தை அடைந்து மீரா பென் ஆனார். 1926-ல் ரவீந்திரநாத தாகூரும் வில்னோவுக்கு வந்து சென்றார்.

வட்டமேஜை மகாநாட்டிலிருந்து திரும்பும் வழியில், 1931 டிசம்பர் 6-ந் தேதி, மகாத்மாவே வந்தார். அருகிலிருந்த வில்லாவில் ஐந்து நாள் தங்கினார். ரோலந்துக்கு இங்கிலீஷ் தெரியாது. காந்திஜிக்குப் பிரெஞ்சு தெரியாது. சகோதரி மடலேன் இருவருக்கும் நடுவே பாலமாக இருந்தார். மறுநாள் திங்கட்கிழமை; காந்திஜிக்கு மௌன விரதம். ரோலந்து பேசினார், மகாத்மா கேட்டுக்கொண்டிருந்தார். மாலை ஏழு மணிக்கு, ஏரிக்கரை வீட்டின் மாடியில் விளக்கைத் தணித்து வைத்துவிட்டு, கம்பளத்தில் அமர்ந்து பிரார்த்தனை நடந்தது. லோஸானில் நடந்த கூட்டத்தில்தான் 'கடவுளே சத்தியம்' என்று முன்பு சொல்லி வந்த தாம், 'சத்தியமே கடவுள்' என்று சொல்ல வந்ததன் காரணத்தை அவர் விளக்கினார்.

ஊரார் பரபரப்புக்குக் கேட்க வேண்டுமா? ஏரிக்கரைப் பால்காரர் சங்கத்தார் டெலிபோன் செய்து, "இந்திய ராஜா" தங்கியிருக்கும் நாளெல்லாம் பால் கொடுக்கும் பாக்கியம் தங்களுக்கே வேண்டும் என்று கேட்டார்களாம். இத்தாலியர் சிலர், அடுத்த லாட்டரியில் எந்த எண்களுக்குப் பரிசு விழும் என்று சொல்லும்படி மகாத்மாவுக்குக் கடிதம் எழுதினார்களாம். இவற்றை ரோலந்தே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். கடைசி மாலை, பிரார்த்தனைக்குப் பிறகு, காந்திஜி பீத்தோவனைக் கேட்க விரும்பினார். நோயாளியான ரோலந்து பியானோவின் முன் அமர்ந்து ஐந்தாவது ஸிம்பனியின் ஒரு பகுதியை வாசித்தார். பிரெஞ்சுக்காரர் வீடு, ஸ்விஸ் மண், ஜெர்மன் சங்கீதம், கேட்டவர் இந்தியர். இங்கே அயலார் யார்?

பின்வாசல் விருந்தாளிகள்

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் முன்வாசல் வழியாக வந்தவர்கள். பின்வாசல் ஒன்றும் உண்டு. விருந்து என்றால் சமைப்பவரும் பரிமாறுபவரும் பாத்திரம் தேய்ப்பவரும் வேண்டும் அல்லவா? ஹோட்டல் அறைகளைப் பெருக்கவும், சாலை போடவும், திராட்சை பறிக்கவும் இத்தாலியிலிருந்தும், பிறகு ஸ்பெயின், போர்ச்சுகல், யுகோஸ்லாவியாவிலிருந்தும் ஆண்களும் பெண்களும் வந்தார்கள்.

அவர்களுக்கென்று 1934 முதல் 'பருவத் தொழிலாளி' என்ற சட்டம் இருந்தது. வருஷத்தில் ஒன்பது மாதம் உழைக்கலாம். பிறகு தேசத்தை விட்டுப் போய்விட வேண்டும். மனைவி மக்களை அழைத்து வரக் கூடாது. பிரிவு பொறுக்காத பெற்றோர்கள் குழந்தைகளை ரகசியமாகக் கொண்டுவந்து அறைக்குள் ஒளித்து வைத்தார்கள். "சத்தம் போடாதே, ஜன்னலண்டை போகாதே" என்று சொல்லிவிட்டுத் தாய் வேலைக்குப் போய்விடுவாள். உலகத்திலேயே அழகான காட்சி என்று பணக்காரர்கள் விலை கொடுத்து வாங்கிய ஜன்னல், அந்தக் குழந்தைக்கு விலக்கப்பட்ட இடம்! 'அலமாரிக் குழந்தைகள்' என்று அவர்களுக்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. இந்தச் சட்டம் 2002-ல்தான் ஒழிந்தது.

அதே தேசத்தில் செல்வந்தர்களுக்கு வேறு சட்டம். 1862-ல் இந்த வோ மாகாணம் ஒரு வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. ஸ்விட்ஸர்லாந்தில் தொழில் செய்யாமல் வாழ மட்டும் வருகிற அந்நியரிடம், அவருடைய வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், வாழ்க்கைச் செலவை மதிப்பிட்டு வரி வாங்குவது என்பதே அது. இந்தச் சலுகையை ஒழிக்க வேண்டுமா என்று 2014-ல் தேசம் முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றே ஜனங்கள் தீர்ப்பளித்தார்கள். ஒருவனிடம் 'எவ்வளவு சம்பாதிக்கிறாய்?' என்று கேட்காமலிருப்பதும், இன்னொருவனிடம் 'குழந்தையை எங்கே ஒளித்திருக்கிறாய்?' என்று கேட்பதும் ஒரே தேசத்தின் விருந்தோம்பல்தான்.

பின்வாசல் வரிசையில் தமிழர்களும் நின்றார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த பல்லாயிரம் பேருக்கு ஸ்விட்ஸர்லாந்து அடைக்கலம் தந்தது. அகதி விண்ணப்பத்துக்கு விடை வருமா என்று வருஷக் கணக்கில் காத்துக்கொண்டு, படித்தவர்கள்கூட ஹோட்டல் சமையலறைகளில் உழைத்தார்கள். இன்று அவர்களுடைய மக்கள் பிரெஞ்சும் ஜெர்மனும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறார்கள். விடுமுறை நாளில் தமிழ்ப் பள்ளிக்கும் செல்கிறார்கள்.

அயலான் என்ற சொல்

இன்று மாந்த்ரோவில் வசிப்பவர்களில் பத்துப் பேருக்கு நான்கு பேருக்கு மேல் வெளிநாட்டார். இவர்களுக்கும் ஊருக்கும் என்ன உறவு? 2003-ல் அமலுக்கு வந்த வோ மாகாண அரசியல் சட்டம் இதற்கு ஒரு வழி செய்தது. தேசத்தில் பத்து வருஷமும் மாகாணத்தில் மூன்று வருஷமும் வாழ்ந்த அந்நியர், பிரஜை ஆகாவிட்டாலும், ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அங்கத்தினராக நிற்கவும் நிற்கலாம். குப்பைப் பையின் விலையையும் பள்ளிக்கூடச் சாலையையும் பற்றிப் பேச அந்நியருக்கும் வாய் கிடைத்தது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் ஏரி, மலை, மாளிகை எல்லாவற்றையும்விட அந்த ஊருக்குப் பெருமை தருவது அதுதான்.

தமிழில் 'அயலான்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அந்நியனும் அயலான், அடுத்த வீட்டுக்காரனும் அயலான். நம் முன்னோர் ஒரே சொல்லால் இருவரையும் குறித்தது வெறும் தற்செயல் என்று தோன்றவில்லை. முதல் பொருளிலிருந்து இரண்டாவது பொருளுக்குப் போய்ச் சேருவதுதான் அந்நிய மண்ணில் வாழும் வாழ்க்கையின் பயணம் முழுவதும். வெறும் பணத்தைக் கொண்டுவந்தவர்கள் வழியிலேயே நின்றுவிட்டார்கள். ஹோட்டல் அறையின் எண்தான் அவர்களுக்கு விலாசம். உழைப்பைக் கொண்டுவந்தவர்களை ஊர் நீண்ட காலம் பின்வாசலிலேயே நிறுத்தி வைத்தது. ஆனாலும் அவர்கள் மெல்ல மெல்ல உள்ளே வந்து சேர்ந்தார்கள். ரோலந்தைப் போல் திறந்த மனத்தைக் கொண்டுவந்தவர்களோ, ஊருக்கே உலகத்தை அடுத்த வீடாக ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டு மலைவாசங்களிலும் பட்டணங்களிலும் பிழைக்க வந்த அயலார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓட்டல் சமையலறையிலும் கட்டிட வேலையிலும் பாஷை தெரியாமல் தலைகுனிந்து நிற்கும் அவர்களைக் காணும்போது, ஜன்னலண்டை போகாதே என்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தையை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக. விருந்துக்கு மூன்று நாள் கணக்கு இருக்கலாம். அண்டை வீட்டாருக்கு நாள் கணக்குக் கிடையாது.